கம்பங்கொல்லையில் பருத்தி

“கடைசி அத்தியாயத்த வாசிட்டி” என்றார் எலியேசர்.

இரண்டு வருஷமாக அவருக்குப் பார்வை இல்லை. காலையிலிருந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அன்றுதான் அச்சுக்கூடத்திலிருந்து வந்த புத்தகத்தின்மேல் அவர் உள்ளங்கை கிடந்தது. மகள் ஹெப்சிபா கையைப் பைய விலக்கிப் புத்தகத்தை எடுத்தாள்.

பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவர் அவர். அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்ட சண்டை திருநெல்வேலியை என்ன செய்தது என்பதுதான் புத்தகம். அங்கிருந்து இங்கிலாந்து ஆலைகளுக்குப் பஞ்சு போவது நின்றதும் இங்கே விலை ஏறியது. கம்பு விளைந்த கரிசலிலெல்லாம் பருத்தி போட்டார்கள். சண்டை ஓய்ந்தது, விலை விழுந்தது. பருத்தியைத் தின்ன முடியவில்லை. கடன் கொடுத்த வியாபாரிகள் நிலங்களை எழுதி வாங்கிக்கொண்டார்கள். சிறுவன் எலியேசரின் அம்மாவும் கைக்குழந்தைத் தம்பியும் அதற்கடுத்த கோடையில் பசியில் போனார்கள்.

கண் போனபிறகு அவர் சொல்லச் சொல்ல எழுதியவள் ஹெப்சிபா.

பக்கத்தைத் திருப்பினாள். ‘அச்சண்டையினால் நமது ஜில்லா செழித்தது. வியாபாரிகள் குடியானவர்களைக் கைதூக்கிவிட்டார்கள்’ என்று அச்சாகியிருந்தது.

நிமிர்ந்தாள். வாசல் நிலையில் அண்ணன் இஸ்ரவேல் நின்றான். பஞ்சுப்பேட்டையில் தலைமைக் குமாஸ்தா. கையெழுத்துப் பிரதியை அச்சுக்குக் கொண்டுபோனவன் அவன்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

“ஏன் இன்னும் வாசிக்கல?” என்றார் அப்பா.

அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: “கம்பங்கொல்லையில் பருத்தி போட்டவன் முட்டாள் அல்ல. விலை ஏறும் என்று அவனிடம் சொன்னவர்கள், அது விழும் என்பதையும் அறிந்திருந்தார்கள். பசியில் செத்தவர்களைக் காய்ச்சலில் செத்தார்கள் என்று எழுதிக்கொண்டார்கள்…”

எலியேசரின் உதடுகள் கூடவே அசைந்தன. அத்தியாயம் முடிந்தது.

“சரியாப் போட்டிருக்கான்” என்றார்.

உச்சிவேளைக்குள் அடங்கிவிட்டார்.

கொல்லையில் இஸ்ரவேல் அவளிடம் வந்தான். “மொதலாளியோட பாட்டனார் பேரு அதுல இருந்துச்சு. அச்சுக்கூடம் அவரு தயவுல நடக்குது. புத்தகமாவது வரட்டுமேன்னுதான்…”

“யாரு எழுதின புத்தகம்ணே?”

அவள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அப்பாவைக் குளிப்பாட்ட உள்ளே போனாள்.

சாயங்காலம் பெட்டியை முற்றத்தில் வைத்தார்கள். பஞ்சுப்பேட்டை முதலாளி கைலாசம் வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெபம் முடித்த குருவானவர் பெட்டிமேல் இருந்த புத்தகத்தை எடுத்தார்.

“வாத்தியார் எழுதினதுல ஒரு பக்கம் வாசிச்சிட்டுத் தூக்கலாம்.”

“நான் வாசிக்கேன் ஐயா” என்றாள் ஹெப்சிபா.

“ஏட்டி, வேண்டாம்” என்றான் இஸ்ரவேல், காதோரம்.

அவள் புத்தகத்தை வாங்கினாள். திறக்கவில்லை. நடுங்காத குரலில், கம்பங்கொல்லையிலிருந்து ஆரம்பித்தாள். ஊர் ஊராகச் சொன்னாள். நிலம் இழந்தவர்களைச் சொன்னாள். எழுதி வாங்கியவர் பெயர் வந்தபோது முன்வரிசையைப் பார்த்தே சொன்னாள்.

கைலாசம் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்.

இஸ்ரவேல் பெட்டியைப் பார்த்தான். தெருவைப் பார்த்தான். “அண்ணாச்சி… அண்ணாச்சி, கொஞ்சம் நில்லுங்க” என்று பின்னாலேயே ஓடினான்.

தூக்குகிறவர்கள் குனிந்தார்கள். தலைமாட்டில் வலப்பக்கத்துக் கைப்பிடியில் ஆளில்லை.

ஹெப்சிபா புத்தகத்தை நாற்காலியில் போட்டுவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தாள்.