வேதக்காரர் யார்?

பாடசாலையில் ஒவ்வொரு சமயத்தையும் அறிமுகம் செய்யும் வாரத்தில் ஆரணி டீச்சரின் பங்குக்கு இஸ்லாம் வந்தது. வகுப்பில் ஒரேயொரு முஸ்லிம் பிள்ளை நஸ்ரின். அவளுக்கு முன்னால் பிழையாக ஒன்றும் சொல்லிவிடக் கூடாது. இணையத்திலோ ஆளுக்கொரு கதை. ஆகவே நஸ்ரினின் தாய் றிஸ்வானாவிடமே கேட்டாள். அடிக்குறிப்புகளோடு ஒரு குர்ஆன் தமிழ் மொழிபெயர்ப்பு வந்து சேர்ந்தது.

கொஞ்சம் வாசித்ததும் ஆரணி, பக்கத்து வகுப்பு ஹன்னா டீச்சரிடம் ஓடினாள்.

"உங்கடை ஆக்களைப் பற்றி எழுதிக் கிடக்கு. வேதக்காரர் எண்டு."

யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள். ஹன்னா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"எங்கடை சாவகச்சேரிப் பட்டப்பேர் அரேபியா வரைக்கும் போயிட்டுதோ? எனக்கெண்டால் நம்பிக்கையில்லை. கேட்டுப் பாரும்."

ஆரணி றிஸ்வானாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அது முன்னம் வேதம் அருளப்பட்ட ஆக்கள், டீச்சர். யூதரும் சேர்த்தி. அடிக்குறிப்பை வாசிக்கேல்லையோ?"

"இனி வாசிக்கிறன்."

மறுநாள் பாடத்தை ஆரணி அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கினாள். வேதக்காரர் யார் என்று கேட்டதும் நஸ்ரின்தான் முதலில் கையை உயர்த்தினாள்.

"குர்ஆனிலை யூதரும் கிறிஸ்தவரும், டீச்சர். இஞ்சையெண்டால் ஹன்னா டீச்சர்."