அக்கா சும்மா இருந்த நேரம்

நேரில் போய்ப் பார்க்க வேண்டியதற்குக் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிற ரகம் தம்பி. வேறு என்ன சொல்ல?

அக்கா ஐந்து மணி நேரப் பயணத் தொலைவில் தனியாக இருந்தாள். வீட்டிலிருந்தபடியே படங்களுக்கு வசனம் மொழிபெயர்ப்பாள். அம்மாவும் அக்காவும் தானும் பேசிக்கொள்ள அவனே ஒரு சாட் அமைத்திருந்தான். வியாழக்கிழமை அதில்தான் சண்டை. எங்களோடு வந்து இரு என்று நூறாவது தடவையாகக் கேட்டான். மாட்டேன் என்றாள். "உனக்கு உன் வீம்புதான் பெருசு. எக்கேடோ கெட்டுப் போ" என்று அடித்து அனுப்பினான். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஓர் எழுத்து இல்லை. போனையும் எடுக்கவில்லை.

அக்கா முறுக்கிக்கொண்டால் மாதக்கணக்கில் பேச மாட்டாள்தான். ஆனாலும் சனிக்கிழமை காலையில் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாயேன்டா. சர்க்கரை உடம்புக்காரி."

"போய்? அவ கால்ல விழச் சொல்றியா?"

போகவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். யார் எவ்வளவு நேரமாக இணைப்பில் இருக்கிறார்கள், கடைசியாக அவர்கள் பக்கத்திலிருந்து ஏதாவது அசைவு வந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்பதெல்லாம் சாட்டை நடத்துகிற சர்வர் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதைக் கேட்டு வாங்கிப் பெயருக்குப் பக்கத்தில் காட்டும்படி எழுதினான். மதியத்துக்குள் வேலை முடிந்தது. அக்கா: இணைப்பில் இரண்டு நாள். சும்மா இருப்பது ஆறு நிமிடம்.

"பாத்தியா? ஆறு நிமிஷம் முன்னாடி கை வச்சிருக்கா. நம்மகிட்டதான் பேச மாட்டா மகாராணி."

அம்மாவுக்கு உயிர் வந்தது. ஞாயிறன்று அக்காவின் போன் அணைந்தே போனது. வேண்டுமென்றே அணைத்திருக்கிறாள் என்றான் தம்பி. அம்மா அதையும் நம்பினாள். காலையில் காபி டம்ளரோடு வந்து திரையைப் பார்ப்பாள். நாலு நிமிடம் என்றால் நிம்மதி. அவன் எழுதிய எந்த புரோகிராமையும் யாரும் அப்படி ஆசையாகப் பார்த்ததில்லை. அவனுக்குக் கொஞ்சம் பெருமை கூட.

புதன்கிழமை காலையில் அம்மா ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏன்டா, இவ பத்து நிமிஷத்துக்கு மேல சும்மாவே இருக்க மாட்டேங்கறாளே. பத்து ஆனா டக்குனு சைபர் ஆயிடுது. குளிக்க மாட்டாளா? தூங்கக்கூட மாட்டாளா?"

 போன வருஷம் சற்று நேரம் சும்மா இருந்தாலே அக்காவின் இணைப்பு அறுந்துபோய், அவள் அவனைக் கரித்துக்கொட்டிய ஞாபகம் வந்தது. பழைய கோப்பைத் திறந்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் பெயரில், யார் கண்ணிலும் படாமல், ஒரு வெற்றுச் செய்தி தானாகப் போகும்படி எழுதிய வரி அங்கே இருந்தது. மேலே அவனே அடித்து வைத்த குறிப்பு: 'இனிமேல் அக்கா திட்ட மாட்டாள்.'

அக்காவைப் பார்த்துவிட்டு வருவதாக மட்டும் அம்மாவிடம் சொல்லிக் கிளம்பினான்.

அக்கா வீட்டில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து கதவுப் பூட்டை உடைத்தார்கள். அக்கா குளியலறையில் கிடந்தாள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. வந்த டாக்டர் வெள்ளிக்கிழமை விழுந்திருக்க வேண்டும் என்றார்.

"உடனே உயிர் போயிருக்குமா?" பாவி, அதையும் கேட்டுவைத்தான்.

"ரெண்டு நாளாவது இருந்திருப்பாங்க."

போன் கூடத்து மேஜையில் செத்துக் கிடந்தது. சார்ஜ் தீரும்வரை அது அடித்தது அவளுக்குக் கேட்டிருக்கும். பக்கத்தில் கம்ப்யூட்டர் திரை எரிந்துகொண்டிருந்தது. 'எக்கேடோ கெட்டுப் போ' என்பதுதான் கடைசி வரி. அதற்குக் கீழே, அனுப்பாத பெட்டியில், அவள் பாதி அடித்து வைத்திருந்தாள்: 'சரிடா, அடுத்த வாரம் வந்து'

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. அம்மா.

"போய்ட்டியாடா? இப்பதான் சைபர் ஆச்சு, பாத்துக்கிட்டே இருந்தேன். அங்கதானே உக்காந்திருக்கா? போனை அவகிட்ட குடு."