எண்ணெய்த் தலையில் வைத்த கை

பவ வருஷம், வெள்ளைக்காரன் கணக்கில் 1934, ஆனி மாதத்து ஒரு காலையில், சில மலையூர்கள் சேர்ந்த எடப்புளி நாட்டின் நாய்கள் எல்லாம் எழுந்து மலையை விட்டு இறங்கிப் போயின. அத்தாயியின் வலது உள்ளங்கை சத்தம் போட ஆரம்பித்ததுதான் காரணம். அது மனிதக் காதுக்கு எட்டாத சத்தம், அத்தாயிக்கே கேட்கவில்லை. ஆனால் அவள் தெருவில் நடந்தபோது நாய்கள் மறுபக்கம் ஓடியதையும், பலாமரத்து வௌவால்கள் திசை தெரியாமல் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதையும், அவள் கை விட்ட செம்பில் பச்சைத் தண்ணீர் சூடாகாமலே புகைந்ததையும் பார்த்து, கைக்குள் ஏதோ பாடுகிறது என்று ஊர் முடிவு செய்தது. அந்த வருஷம் மிளகு நன்றாகக் காய்த்தது. மழையும் பரவாயில்லை.

அவள் புருஷன் செங்கோடன் அதற்கு முந்தைய தையில் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்தவன். இடுப்பு பிடித்துக்கொண்டு, பாயோடு பாயாகக் கிடந்தான். விளக்கெண்ணெய் போட்டு நீவியபோதுதான் அத்தாயிக்குத் தன் கையின் குணம் தெரிந்தது. மேல்தோல் சுடவில்லை; உள்ளே, எலும்பை ஒட்டிய சதை வரைக்கும் சூடு இறங்கி இறுக்கம் விட்டது. வெறுங்கையால் தொட்டால் ஒன்றுமில்லை, எண்ணெய் இருந்தால்தான் வேலை செய்தது. தோள் தூக்க முடியாத மாரப்பன் வந்தான். அவனுக்கு நீவும்போது அத்தாயி பேச்சு சுவாரசியத்தில் கையை ஒரே இடத்தில் நிறுத்திவிட, எலும்புக்குள் கொள்ளி வைத்ததுபோல அவன் அலறினான். அன்றிலிருந்து அவள் கையை வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பாள், நிறுத்தமாட்டாள். மலையின் மற்ற நாடுகளிலிருந்தும் ஆட்கள் பலாப்பழத்தோடு வந்தார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: செங்கோடன் எழுந்து நடந்து, முன்புபோல் தன் பக்கத்தில் நின்று களை வெட்ட வேண்டும். ஐப்பசியில் அவன் தடி ஊன்றி வாசல் வரை வந்துவிட்டான்.

நாய் இல்லாத ஊர் என்று காட்டுப்பன்றிகளுக்கு யார் சொன்னார்களோ, கூட்டம் கூட்டமாக வந்து சாமைக் காடுகளை உழுதுவிட்டுப் போயின. கீழ்நாட்டிலிருந்து பிடித்து வந்த நாய்கள் பாதி மலையிலேயே கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. நாட்டுத் தலைவரான பட்டக்காரர் சாமியப்பனுக்குத்தான் சேதம் அதிகம். அவர் கூட்டம் போட்டார். அத்தாயி நீவுவதால்தான் கை சத்தம் போடுகிறது, நீவுவதை விட்டால் அடங்கிவிடும் என்பது எல்லாருடைய எண்ணம். அவளுடைய எண்ணமும் அதுதான். இனி யார் மேலும் அந்தக் கையை வைத்து நீவுவதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்றார் பட்டக்காரர். அவளால் தோள் சரியான மாரப்பன்தான் எல்லாரையும்விட உயரமாகக் கையைத் தூக்கி ஆமோதித்தான். நன்றி கெட்ட பயல்.

அங்கே சத்தியத்துக்கு ஒரு முறை உண்டு. உயிருக்கு உயிரானவரை முன்னால் உட்காரவைத்து, தலை நனைய எண்ணெய் வைத்து, அதன்மேல் வலது கையை வைக்க வேண்டும். பட்டக்காரர் நாட்டுச் சாமிகள் அத்தனை பேரையும் கூப்பிட்டு முடிக்கும்வரை கை அசையக் கூடாது.

"ஏனுங்க, இந்தக் கைய ஒரே எடத்துல வெச்சா ஆகாதுங்க. சுத்திக்கிட்டே இருக்கோணுங்க" என்று அத்தாயி கெஞ்சினாள்.

"கைய ஆட்டிக்கிட்டுச் செஞ்சா சாமி ஏத்துக்காது தாயி" என்றார் சாமியப்பன்.

"வெய்யி கண்ணு, தாங்கிக்குவேன்" என்றான், எண்ணெய்த் தலையோடு அவள் முன்னால் உட்கார்ந்திருந்த செங்கோடன்.

எடப்புளி நாட்டில் சாமிகளுக்குப் பஞ்சமில்லை. அறப்பளீசுவரரில் தொடங்கி எல்லைச் சாமி, ஊற்றுச் சாமி என்று பட்டக்காரர் நிதானமாகக் கூப்பிட்டு முடிப்பதற்குள், அவள் விரலிடுக்கில் எண்ணெய் புகையாக எழுந்தது. செங்கோடனின் கண்ணில் நீர் வழிந்தது, தலையை விலக்கவில்லை. அவள் கையை எடுத்தபோது அவனுக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஊசிபோல மெலிந்த, ஓயாத சத்தம். கை இப்போது யார் மேலும் இல்லை, சும்மா தொங்குகிறது, அப்போதும் பாடுகிறது. இது நீவுவதால் வருவதல்ல, நிற்கப் போவதுமல்ல என்று அவனுக்கு மட்டும் புரிந்தது. சொன்னால் அவளைத் துரத்திவிடுவார்கள்.

"என்னப்பா, ஒரு மாதிரி முழிக்கிற?" என்று பட்டக்காரர் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. கை சும்மாத்தானுங்க இருக்குது" என்றான். சத்தியம் நடந்த இடத்திலேயே, எண்ணெய் காயாத தலையோடு சொன்ன பொய் அது.

மறுநாளே தடியை ஊன்றிக்கொண்டு காட்டின் கடைசியிலிருந்த காவல் பரணுக்குப் போனான். நாய்கள் வரும்வரை நான் காக்கிறேன் என்றான். அவன் தகரம் தட்டிக் கத்திய கத்தலில் பன்றிகள் வேறு மலை பார்த்துப் போயின. ஊர் நாய்களையே மறந்தது. பாதி குணமான இடுப்பு அந்த அளவிலேயே நின்றுவிட்டது. அத்தாயி கூழ் கொண்டுபோனால், தூரத்திலிருந்தே அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லிக் கத்துவான். தலையைச் சுட்டுவிட்டோம், அதனால் நம்மைப் பிடிக்கவில்லை என்று அவள் அழுதாள். சாமை அறுப்பு முடிந்தும் அவன் வீட்டுக்கு வராதபோது ஆத்திரம் பொறுக்காமல் பரண் வரைக்கும் போய்விட்டாள். செங்கோடன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மண்டியிட்டு விழுந்தான். மூக்கில் ரத்தம் வந்தது.

"எம்மேல அவ்வளவு வெறுப்பாங்க?"

"வெறுப்பில்ல கண்ணு. உங் கை பாடறது எனக்குக் கேக்குது. அன்னைக்கே கேட்டுது. கிட்ட வந்தீன்னா மண்டைக்குள்ள எறங்குது."

அத்தாயி பின்புறமாகவே அடி வைத்து விலகி நடந்தாள். அவன் முகத்தைப் பார்த்தபடியே நடந்து, அறுத்த சாமைக் காட்டைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, அவன் காதிலிருந்து கையை எடுத்ததும் நின்றாள்.

"இங்க?" என்று கத்தினாள்.

"அங்க சரியா இருக்குது! அங்கிருந்தா நல்லா இருக்குது! நீ தண்ணி மோக்கறது, களை வெட்டறது, சோளக்காட்டுச் சந்தைக்குப் போறது எல்லாந் தெரியுது எனக்கு. நீ எங்க இருக்கறேன்னு எப்பவும் தெரியுது."

அவள் அங்கேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். பிறகு அந்த இடத்திலேயே குடிசை போட்டுக்கொண்டாள். அவன் சாப்பிடும் நேரத்தில் அவளும் சாப்பிட்டாள். நடுவில் காடு விளைந்தது, அறுபட்டது. அதையும் ஒரு குடித்தனம் என்றே எடப்புளி நாட்டில் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அத்தாயி எங்கே என்று கேட்க வேண்டியவர்கள் பரணுக்குப் போய்ச் செங்கோடனைக் கேட்டார்கள். அவன் திரும்பிப் பாராமலே சொல்லிவிடுவான்.