பல்கேரியத் தலையாட்டு

சவப்பெட்டிக்குள் படுத்திருந்த கணவர் தியாகலிங்கத்தின் பட்டுச் சால்வையை யோகமலர் இழுத்து மடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் முதல் வரிசையில் அவரின் தங்கை, மச்சாள் இராஜேஸ்வரி, பக்கத்துக் கதிரைக்காரியிடம் குசுகுசுத்தாள். அவள் குசுகுசுத்தால் மலர்ச்சாலை வாசல்வரை கேட்கும்.

"என்னோட சீவிச்சது சந்தோசம்தானே எண்டு மச்சாள் கேட்டவவாம். அண்ணை இல்லையெண்டு தலையாட்டிப்போட்டுக் கண்ணை மூடினவராம். ராகுலன் பக்கத்தில நிண்டு பாத்தவன்."

"அது இல்லையெண்டில்லை மச்சாள்," என்றாள் யோகமலர், திரும்பாமலே. "அது பல்கேரியாத் தலையாட்டு."

தியாகலிங்கம் இளமையில் புலமைப்பரிசில் கிடைத்துப் பல்கேரியாவுக்குப் போய், பால் தயிர் பதனிடும் படிப்புப் படித்தவர். அந்த நாட்டில் இடமும் வலமும் ஆட்டினால் ஓம். மேலும் கீழும் ஆட்டினால் இல்லை. விடுமுறையில் வந்து பெண் பார்த்தபோது, "பிடிச்சிருக்கோ தம்பி?" என்று கேட்டதற்கு மனுஷன் இடமும் வலமும் ஆட்டினார். யோகமலரின் தாய் பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டா. "மாமி, ஓம் எண்டுதானே ஆட்டினனான்!" என்று அவர் குசினிவரை பின்னால் ஓடினார். தாலி கட்ட முதலே மாமி என்று கூப்பிட்ட மாப்பிள்ளை என்று ஊர் சிரித்தது.

ஆனால் ரொறொன்ரோ வந்து சீஸ் பக்டரியில் சேர்ந்த புதிதில், ஓவர்டைம் வேண்டாமென்று பொஸ்ஸுக்கு மேலும் கீழும் ஆட்டி ஆட்டியே சனி ஞாயிறெல்லாம் வேலைசெய்து களைத்துப்போய், அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டார். அதுதான் யோகமலரைக் குடைந்தது. மச்சாளிடம் அடித்துச் சொல்லிவிட்டாளே தவிர, கடைசி நாளில் ஆட்டியது எந்த நாட்டுத் தலையாட்டு? தெரியாமல் அவரை அனுப்பிவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மகன் ராகுலன் மைக்கைப் பிடித்தான்.

"அப்பாவைப் பற்றிச் சொல்லுறதெண்டால் முதல்ல பல்கேரியாவைச் சொல்லோணும். வடக்கில டான்யூப் ஆறு, கிழக்கில கருங்கடல், நடுவில பெல்ட் கட்டின மாதிரி பால்கன் மலை. துருக்கியர் அஞ்சு நூற்றாண்டு ஆண்டும் தங்கட பாஷையை விடாத சனம். எழுத்துக்கெண்டே ஒரு திருநாள் வைச்சிருக்கினம். பிறகு..."

"ரோசாப்பூ எண்ணெய்!" என்று நாலைந்து பேர் ஒன்றாகச் சொன்னார்கள். பிறந்தநாள், கல்யாணம் எங்கே போனாலும் இதைச் சொல்லி முடிக்காமல் தியாகலிங்கம் சாப்பாட்டுக் கோப்பையில் கை வைத்ததில்லை. கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் பாடம்.

"தயிரும்," என்றான் ராகுலன். "இந்த ஜனவரியில அங்க யூரோ வந்தது. பழைய லெவ் காசு இல்லாமப் போச்சுதெண்டு அப்பா ரெண்டு நாள் செத்தவீடு கொண்டாடினவர்."

மண்டபம் சிரித்தது. யோகமலரும் சிரித்தாள். செத்தவீட்டில் இவ்வளவு சிரிப்பு அவருக்குப் பிடித்திருக்கும்.

பேச்சு முடிய, பக்டரியில் கூட வேலை செய்த பல்கேரியாக்காரர் ஸ்தோயான், முகமெல்லாம் சிவந்து, பெட்டியருகே வந்தார். யோகமலரின் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். சொல்லச் சொல்ல ராகுலனின் முகம் மாறியது.

"என்னவாம்?"

"கடைசி நாள் காலமை இவர் ஆசுப்பத்திரிக்குத் தயிர் கொண்டு போனவராம். வேணுமோ எண்டு நேர்ஸ் இங்கிலிஷில கேட்டவவாம். அப்பா இப்பிடி ஆட்டினவராம்." ராகுலன் இடமும் வலமும் ஆட்டிக் காட்டினான். "வேண்டாமாக்கும் எண்டு அவ கிண்ணத்தைத் தூக்க, அப்பா வாயை ஆவெண்டு திறந்தபடியே படுத்திருந்தவராம். பிறகு ஸ்தோயான்தான் கரண்டியால தீத்தினவராம். முழுக்கச் சாப்பிட்டவராம்."

"அண்டைக்கே?"

"அண்டைக்குத்தான். நீங்கள் வர முதல்."

யோகமலருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. கண்ணீர் வழியவிட்டுக்கொண்டே, "கேட்டியளோ மச்சாள்?" என்றாள். இராஜேஸ்வரிக்கு விளங்கினதோ இல்லையோ, மூக்கைச் சிந்தினாள்.

ஐயர் கிரியைகளை முடித்தார். பெண்கள் வரிசையாக வாய்க்கரிசி போட்டார்கள். மலர்ச்சாலை ஆட்கள் இருவர் மூடியில் கைவைத்துக் காத்து நின்றார்கள்.

"அம்மா, மூடட்டோ?" என்றான் ராகுலன்.

யோகமலர் கணவரின் முகத்தைப் பார்த்தபடி, இடமும் வலமும் மெல்லத் தலையை ஆட்டினாள்.

அந்த இருவரும் சட்டென்று கையை எடுத்துவிட்டார்கள். "பொறுங்கோ, பொறுங்கோ, அவ வேண்டாமெண்டுறா," என்றாள் இராஜேஸ்வரி.

ராகுலன் தாயைப் பார்த்தான். பிறகு தானே மூடியைப் பிடித்து மெதுவாக இறக்கினான். யோகமலர் மறிக்கவில்லை. வெளியே தொங்கிய சால்வைத் தலைப்பை மட்டும், மூடியில் அகப்படாமல், உள்ளே எடுத்துவிட்டாள்.