சிவப்புக் குறி இட்ட ஏழு படங்கள்

மறுநாள் மாலை முதல் காட்சி. அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து முழு ஒத்திகையையும் பார்த்தாள். அவள் கணவர் எடுத்த புகைப்படங்களை வைத்து மகன் செய்த இசை நாடகம் அது. அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

மேடையில் ஒரு இருட்டறை. புகைப்படக்காரர் மேசை முன் உட்கார்ந்திருப்பார். ஒரு படத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கொடியில் மாட்டுவார். படத்தில் இருப்பவர் இறங்கி வந்து பாடுவார். பிறகு அடுத்த படம். ஏழு படங்கள். கடைசிப் படத்தில் திறந்த கதவருகே பையோடு ஒரு பெண். அவள் பாடும்போது மட்டும் அவர் எழுந்து போவார். பையை வாங்கிக்கொள்வார். இருவரும் கதவைத் தாண்டுவார்கள். திரை.

அந்தப் பெண் அம்மா.

விளக்குகள் எரிந்தன. புகைப்படக்காரராக நடித்தவர் இறங்கி வந்தார். ஒன்றரை மணி நேரம் இடத்தை விட்டு எழாமல் உட்கார்ந்திருப்பதால் குழுவில் அவர் பெயர் தூண். சார் மாதிரி இருக்கிறேனா என்று கேட்டார். மூக்கு மட்டும் ஒத்துப்போகிறது என்றாள் அம்மா.

மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அந்த இருட்டறைதான் நாடகத்தின் உயிர் என்றான். ஆறு பேரை அவர் உட்கார்ந்தபடி பார்க்கிறார், ஏழாவது ஆளோடு மட்டும் கிளம்பிப் போகிறார், வாழ்க்கை முழுக்க அவர் செய்தது அதுதான் என்றான்.

"நான் எதையும் பொறுக்கலம்மா. ஆயிரக்கணக்கான படத்துல ஏழுல மட்டும் சிவப்புப் பென்சில்ல பெருக்கல் குறி போட்டிருந்தாரு. அப்பாவே எடுத்து வெச்சுட்டுப் போயிருக்காரு. நான் கோத்தேன், அவ்வளவுதான்."

இவை எந்தப் படங்கள் என்று இரண்டாவது பாட்டிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு பாட்டும் காதில் ஏறவில்லை.

"வட்டம் போட்ட படமும் பாத்திருப்பியே," என்றாள்.

நிறைய இருந்தன என்றான்.

"வட்டம்னா பிரிண்ட் போடணும். பெருக்கல்னா கூடாது. எடுத்தப்புறம் வேண்டாம்னு சொன்னவங்க படம். கிழிக்க மனசு வராது அவருக்கு. குறி போட்டு உள்ள வெச்சுடுவாரு."

மகன் மேடையைப் பார்த்தான். ஏழும் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் தொழிற்சாலை வாசலில் அழும் ஆள் இன்னும் உயிரோடிருக்கிறார், இரண்டு தெரு தள்ளித்தான் வீடு என்றாள் அம்மா. நாளைக்கு அரங்கம் நிரம்பிவிட்டது என்றான் அவன், யாரிடமோ சொல்வதுபோல.

"அப்ப ஏழாவது?"

கைதவறிப் போட்டிருப்பார் என்று சொல்லிவிடலாம். அவன் நம்புவான். நாளை இரவு நிம்மதியாகத் தூங்குவான்.

"நான்தான் வேண்டாம்னேன்."

"ஏன்? ரெண்டு பேரும் எங்கயோ கிளம்புறீங்க."

"நான் மட்டும்தான் கிளம்பினேன்."

அவன் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

"நான்?"

"உள்ள தூங்கிட்டிருந்தே. நாலு வயசு. அம்மா ஆஸ்பத்திரியில இருந்தேன்னு உனக்குச் சொல்லி வெச்சோமே, அந்தப் பதினோரு நாள்."

"அவர் தடுக்கலையா?"

"கேமராவை எடுத்தாரு."

தூண் மெல்ல நழுவினார்.

மகன் மேடை ஏறினான். ஆறு படங்களைக் கிளிப்போடு இழுத்து எடுத்தான். அவற்றின் இடத்தில் வெள்ளைத் தாள் மாட்டச் சொன்னான். பாட்டில் ஆள் அடையாளம் வரும் வரிகளை இப்போதே வெட்ட வேண்டும் என்றான். உதவியாளர் காகிதம் தேடி ஓடினார். ஏழாவதின் மேல் கை வைத்து நின்றான். அம்மா பக்கம் திரும்பவில்லை.

"இதையும் எடுத்துடறேன்."

அம்மா எழுந்து முன்வரிசை வரை போனாள்.

"அது இருக்கட்டும். அவரை எழுந்திருக்க விடாதே."

கடைசிப் பாட்டை மறுபடி போட்டார்கள். தூண் மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். பாடிய பெண் பையைத் தானே தூக்கிக்கொண்டாள். வாசலில் நின்று, கதவைச் சாத்தணுமா என்று கேட்டாள்.

மகன் இறங்கி வந்து, அம்மாவுக்கு நான்கு இருக்கை தள்ளி உட்கார்ந்தான்.