அரைப் பூசணிக்காய் விலைக்கு ஓர் ஆத்துமா

சாலமனுக்கு வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். தோணிரேவு ஜனங்கள் இதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவனும் சிரித்துக்கொள்வான்.

அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம் நடக்கும். ஏரியில் பிடித்ததோ கொல்லையில் காய்த்ததோ, வீட்டுக்கு ஒரு காணிக்கை மேஜைக்கு வந்தாக வேண்டும். "இந்த வருசமும் வெறுங்கையோட வந்து என் மானத்த வாங்குன, வூட்டுப் பக்கம் வராத" என்று அவன் மனைவி மரியம்மா சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். போன மாதம்தான் அவனைப் படகில் படுக்க வைத்திருந்தாள்.

அதனால் சாலமன் நிஜமாகவே நண்டு பிடித்தான். நல்ல கொழுத்த நண்டுகள். கொடுக்கைக் கட்ட மட்டும் சோம்பல். கூடையை டீக்கடை வாசலில் வைத்துவிட்டு உலகக் கதை பேசினான். பேசி முடித்துத் திரும்பினால் கூடை சாய்ந்து கிடக்கிறது, நண்டுகள் ஏரிக்கே போய்ச் சேர்ந்துவிட்டன.

காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஆராதனைக்குப் போனான். கோயிலுக்குள் பாஸ்டர் ஜான்சன் தொண்டை கிழியப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். உலகம் மொத்தத்தையும் தராசில் வைத்தாலும் ஓர் ஆத்துமாவுக்கு ஈடாகாதாம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சாலமனுக்கு உயிர் வந்தது.

ஏலத்தில் அவன் பெயரைக் கூப்பிட்டதும் காலிக் கூடையோடு மேஜைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். "நண்டு கெடக்குது வுடுங்க. நான் ஒரு ஆத்துமாவையே கொண்டாந்துகீறேன். ஏலம் போடுங்க!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஏலம் விடுகிற தமிழ்வாணனுக்கும் குசும்பு கொஞ்சம் அதிகம். "ஒரு ஆத்துமா! யாரு கேக்கறது?"

"ஒரு பூசணிக்கா!" என்றார் நண்டு வியாபாரி பெரியசாமி.

"அதெல்லாம் ஜாஸ்தி. பாதி போதும்" என்றாள் லோகநாயகி.

சாலமனும் சேர்ந்துதான் சிரித்தான். "அரைப் பூசணிக்கா ஒரு தரம்!" யாராவது ஏற்றுவார்கள் என்று பார்த்தான். "ரெண்டு தரம்!" பாஸ்டர்கூடக் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அவன் முகத்திலேயே காய்ந்துபோனது. அவமானமாக இருந்தது. இறங்கி ஓடவும் முடியவில்லை, ஓடினால் எந்த வீட்டுக்குப் போவது?

"நிறுத்துய்யா!"

பெண்கள் பக்கமிருந்து மரியம்மா எழுந்து வந்தாள்.

"பெரியசாமிண்ணே, ஒருக்கா ஏலத்துல போன சரக்க மறுபடி ஏலம் வுடுவாங்களா?"

"அது எப்பிடிம்மா? வித்தது வித்ததுதான்."

"அப்ப இவரும் வித்துப்போன சரக்குதான். சிலுவையில ரத்தம் சிந்தி வாங்கி எந்தக் காலமோ ஆவுது. வாங்குனவரு இன்னும் எடுத்துக்கினு போவல, அவ்ளோதான். அவரு சரக்குக்கு அரைப் பூசணிக்கா வெல வெக்க நீங்கல்லாம் யாரு?"

பாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமென்" என்றார். அவருடைய ஒரு மணி நேரப் பிரசங்கம் அவளுடைய நாலு வார்த்தைக்குள் அடங்கிவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சாலமனுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவனுக்காக அவள் சண்டை போட்டு அவன் பார்த்ததில்லை, அவனோடுதான் போடுவாள்.

"அப்ப நான் வூட்டுக்கு வரலாமா?"

"வா. ஆத்துமா அவருது. ஒடம்பு என்னுது. நாளைக்கு என்கூட எறா தடவ வரணும்."

சாலமனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. படகுக்காரன் அவன். சேற்றுத் தண்ணீரில் தவழ்ந்து கையால் இறால் தடவுவது மரியம்மாவின் பிழைப்பு. தடவ இரண்டு கையும் வேண்டும், அதனால் இறால் போடுகிற ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டே தவழ வேண்டும்.

மறுநாள் காலையில் தோணிரேவே கரையில் கூடி நின்று வேடிக்கை பார்த்தது. சாலமன் பறியைக் கடித்துக்கொண்டு மனைவி பின்னாலேயே தவழ்ந்தான். பெரியசாமி கரையிலிருந்து, "இன்னா சாலமா, பூசணிக்கா சௌக்கியமா?" என்று கத்தினார். நல்ல பதில் ஒன்று தொண்டைவரைக்கும் வந்தது. வாயைத் திறந்தால் இறாலெல்லாம் போய்விடும்.

சாலமன் பல்லை இன்னும் இறுக்கிக் கடித்துக்கொண்டான்.