முழு சிக்னல்

ஒரே மேசையில் ஒரே மாதிரி இரண்டு லேப்டாப். ஒன்றில் இணையம் பறந்தது. மற்றதில் சிக்னல் முழுசாகக் காட்டியும் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. புரோகிராமர்கள் குழுவாகக் கோட் எழுதும் ஹேக்கத்தான் தொடங்கி வெகு நேரமாகியும் பாதி ஹாலுக்கு இதே கதி. அக்கா ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். இணைய லைனை நேரே தன் லேப்டாப்பில் செருகிப் பார்த்தாள். லைனில் ஒரு குறையும் இல்லை.

"ஹேக்கத்தான்னு கூப்பிட்டீங்க. உட்காரத்தான்னு இப்பதானே தெரியுது," என்றார் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்.

ஹால் சிரித்தது. கடைசி மேசையில் அவள் தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

உள்ளூர் புரோகிராமர்கள் எல்லோருக்கும் அவள் அக்காதான். ஆனால் இந்த ஏற்பாடெல்லாம் உடன்பிறந்த அந்த ஒருவனுக்காக. வேலை போனதிலிருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டவன். "நாலு பேரோட உட்கார்ந்து கோட் எழுது, அது போதும்" என்று கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்திருந்தாள். தொடக்க விழாக் கூட்டம் கலைந்த பிறகுதான் வருவேன் என்றான். சொன்னபடியே வந்து, முன்பின் தெரியாத மூன்று பேர் குழுவில் உட்கார்ந்தும் விட்டான்.

"அவங்க மூணு பேருக்கும் வருதுக்கா. எனக்குதான் வரல."

"பாதிப் பேருக்கு வரலடா. இரு, பார்க்கிறேன்."

"கம்பெனியிலயும் இப்படித்தான். முதல்ல லாகின் போச்சு, அப்புறம் நான் போனேன்."

ஹாலுக்குள் போனில் டவர் கிடைக்காது. வெளியே ஓடிப் போய் மைக்கை அழைத்தாள். கூட்டு அமைப்பாளர் அவர். மேடையில் மைக் கைக்கு வந்தால் விடமாட்டார் என்பதால் அந்தப் பெயர். ரவுட்டரை வாங்கி, வைஃபைக்குத் தன் கம்பெனிப் பெயரையே சூட்டி, செட்டிங்ஸ் பாஸ்வேர்டைத் தன்னோடு வைத்துக்கொண்டவரும் அவரே.

"செட்டிங்ஸுக்குள்ள போகணும். பாஸ்வேர்டு சொல்லுங்க."

"கெஸ்ட்டோட சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்மா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, சரியாயிடும். காலைல எடுத்த போட்டோ பார்த்தியா? லைக் அள்ளுது!"

போனை வைத்துவிட்டார்.

போட்டோ என்றதும் அவளுக்குப் பொறி தட்டியது. காலையில் தொடக்க விழா மேடையிலிருந்து வைஃபை பாஸ்வேர்டை ஊருக்கே அறிவித்தவர் இதே மைக். "எல்லாரும் கனெக்ட் பண்ணி போட்டோ போடுங்க!"

ரவுட்டர் என்பது விடுதி வாசலில் சாவி கொடுக்கிற ஆள் மாதிரி. வருகிற ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி எண் கொடுக்கும். எண் இல்லாதவருக்கு சிக்னல் எவ்வளவு இருந்தும் அறை இல்லை. இந்த ரவுட்டரிடம் இருந்தவை ஐம்பது எண்கள். கொடுத்த எண் ஒரு நாள் முழுக்க அந்தக் கருவிக்கே சொந்தம். ஆள் கிளம்பிப் போனாலும், திரும்பி வருவார் என்று ரவுட்டர் எடுத்து வைத்திருக்கும். அணைத்துப் போட்டாலும் மறக்காத ரகம் இது. விழாவுக்கு முன்பே வந்த புரோகிராமர்களுக்கு எண் கிடைத்துவிட்டது. மிச்சத்தையெல்லாம் கை தட்டிவிட்டுப் போன விருந்தினர்களின் போன்கள் பிடித்துவைத்திருந்தன. அவை இப்போது எங்கோ சாப்பாட்டு மேசையில் கிடக்க, பின்னால் வேலை செய்ய வந்தவர்களுக்கு இங்கே ஓர் எண் இல்லை.

உள்ளே ஓடினாள். கடைசி மேசையில் ஒரு நாற்காலி காலி.

"உங்க தம்பி கிளம்பிட்டாரேக்கா," என்றான் குழுவில் ஒருவன். "இருங்க, அக்கா சரி பண்ணிடுவாங்கன்னு சொன்னோம். 'பரவால்ல, எனக்கு இது பழக்கம்தான்'னு பையைத் தூக்கிட்டார்."

இந்நேரம் அந்த அறைக் கதவு சாத்தியிருக்கும். இன்னொரு முறை கூப்பிட்டால் வரமாட்டான்.

"என்னக்கா, இன்னிக்கு வருமா வராதா?" என்றார் பில்லிங்காரர்.

அக்கா சட்டையில் குத்தியிருந்த 'அமைப்பாளர்' அட்டையைக் கழற்றினாள். அதன் ஊக்கை ரவுட்டரின் பின்பக்க ரீசெட் துளைக்குள் விட்டு, விளக்குகள் அணைந்து எரியும்வரை அழுத்தினாள். மைக் சூட்டிய பெயர், அவர் வைத்திருந்த செட்டிங்ஸ் பாஸ்வேர்டு, விருந்தினர்களின் முகவரிகள் எல்லாம் ஒன்றாக அழிந்தன. ரவுட்டரின் அடியில் அச்சிட்டிருந்த பாஸ்வேர்டால் செட்டிங்ஸுக்குள் போய், வைஃபைக்குப் புதுப் பாஸ்வேர்டு வைத்தாள். ஐம்பது எண்களை இருநூறாக்கினாள். ஓர் எண் ஒரு நாளுக்கு என்றிருந்ததை அரை மணி நேரத்துக்கு என்று மாற்றினாள். இனி ஆள் போனால் சற்று நேரத்தில் இடம் தானாகக் காலியாகிவிடும்.

ஹாலில் இருந்த எல்லா லேப்டாப்பிலும் இணையம் வந்தது.